திருப்பி வீச வேண்டாம்

செஸ்டர் கூபியாக்கின் சட்டைப் பையில் அன்றைக்கு ஒரு நல்ல இருக்கைக்கான சீட்டு இருந்தது. அதில் அவர் உட்காரவில்லை.

அந்தச் சீட்டை அவருடைய மகன் நேத்தன் டிக்கெட் ஜன்னலில் கொடுத்து வைத்திருந்தான். வெளியூர் அணியின் குடும்பத்தாருக்கென்று ஒதுக்கிய பகுதி, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குப் பின்னால் ஏழாம் வரிசை. நிழல் விழும் இடம், முதுகு சாய்க்கலாம், கோப்பை வைக்கக் கைப்பிடியில் வளையம் உண்டு. உறையின் மேல் நேத்தனின் கோணல் கையெழுத்தில் 'சி. கூபியாக்' என்று எழுதியிருந்தது. செஸ்டர் அதை வாங்கி, ஜன்னலில் இருந்த பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஹாலக் பேஸ்பால் மைதானத்தை முக்கால் சுற்றுச் சுற்றி நடந்து, முப்பத்துநான்கு வருஷமாக உட்காரும் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இடது மூலைச் சுவருக்கு மேலே உள்ள பெஞ்சுப் பலகைகளில் மூன்றாவது வரிசை, படிக்கட்டை ஒட்டிய ஓரம். பெஞ்சுகளுக்கு எண் கிடையாது, முந்தி வந்தவர் உட்காரலாம். ஆனாலும் அந்த ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மனிதருக்கு அறுபத்தேழு வயது. நகரத்துத் தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லொரெய்ன் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பையன். அந்தப் பையன் பதின்மூன்று வருஷம் சின்ன லீக்குகளில், பஸ்ஸிலும் மூட்டைப்பூச்சி விடுதிகளிலும் காலம் தள்ளி, முப்பத்தோராம் வயதில், வேறு யாருக்கோ முழங்கால் பிசகியதால் பெரிய லீக்குக்குக் கூப்பிடப்பட்டு, ஸ்டாலியன்ஸ் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு, பிறந்த ஊருக்கே ஆட வந்திருக்கிறான். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருக்கிறார். இதை என்னவென்று சொல்வது?

அவரைக் கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பார். நான் எங்கே இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும் என்பார். அது பாதி உண்மை. எதிரணிக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து, முகம் தொலைக்காட்சியில் வந்துவிட்டால் பெஞ்சுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மீதி உண்மை. பெஞ்சுக்காரர்களுக்கு அவருடைய பையன் ஆட்டக்காரன் என்பதே தெரியாது. அங்கே யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. முப்பது வருஷம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவர்களும் இர்மா, டுவேன் என்கிற அளவோடு நின்றுகொள்வார்கள். செஸ்டருக்கு அந்தப் பெயரும் இல்லை. அவர் 'ஜட்ஜ்'.

அந்தப் பட்டம் வந்த கதை இது. எதிரணி ஆள் அடித்த பந்து சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாக இந்தப் பெஞ்சுகளில் விழுந்தால், பிடித்தவர் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. எழுந்து நின்று மைதானத்துக்குள் திருப்பி வீச வேண்டும். உன் பந்து எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். சில தந்திரக்காரர்கள் வீட்டிலிருந்தே ஒரு பழைய பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அதை வீசிவிட்டு, நல்ல பந்தை அமுக்கிக்கொள்வார்கள். செஸ்டருக்கு அந்த வேலை அறவே ஆகாது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒருவர், மகளின் பிறந்தநாளுக்கென்று கூட்டி வந்த இடத்தில் அப்படிச் செய்தார். செஸ்டர் அவர் முன்னால் போய் நின்று, கோட்டுப் பையைக் காலி செய்யச் சொல்லி, அந்தப் பெண்குழந்தை பார்க்கப் பார்க்க உண்மையான பந்தை வாங்கி வீசினார். கூட்டம் கைதட்டியது. அந்த அப்பாவும் மகளும் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. அன்றையிலிருந்து ஜட்ஜ்.

புதன்கிழமை மதியம், செப்டம்பர் மாதம். ஏரியிலிருந்து ஈரக்காற்று அடித்தது. உள்ளூர் அணியான ரிவெட்டர்ஸின் பட்டக் கனவு ஆகஸ்டிலேயே முடிந்த கதையாகிவிட்டது, மிச்சமிருப்பது கணக்குக்கு ஆடுவது. மைதானத்தில் பாதிக்கு மேல் காலி. காலி மைதானத்தில் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

பக்கத்தில் இர்மா மடியில் ஸ்கோர் நோட்டை விரித்து வைத்திருந்தாள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், ஒரு பந்து விடாமல் குறித்துக்கொள்வாள். வாசலில் கொடுத்த அட்டை ஒன்று அவள் கையில் இருந்தது.

"ஜட்ஜு, இதக் கேளு. ஒரு மைதானம் ரசிகருக்குப் புடிச்சதா இருக்கணும்னா எது முக்கியம்னு கேட்டிருக்காங்க. கார் நிறுத்துற எடம், சாப்பாடு, பெரிய திரை, சுத்தமான கழிப்பறை. நாலுல ஒண்ணுக்கு டிக் போடணுமாம்."

"நாலும் கெடையாது."

"நீதான் பேப்பர்லயே சொன்ன ஆளாச்சே. ஒன்னயக் கேக்காம எவனோ அட்ட அடிச்சிருக்கான் பாரு."

முன்வரிசையிலிருந்து டுவேன் திரும்பினான். குளிர்பெட்டி ரிப்பேர் பார்ப்பவன், நாற்பது வயது, தொண்டை மட்டும் ரெண்டு ஆளுக்குச் சமம். "கழிப்பறைக்குப் போடு இர்மா. போன வாரம் நான் வரிசையில நின்னுட்டு வர்றதுக்குள்ள நாலு ரன் குடுத்துட்டாங்க."

"நீ இங்கயே இருந்திருந்தா ஆறு குடுத்திருப்பாங்க," என்றாள் இர்மா.

செஸ்டர் சிரித்தார், ஆனால் மனசு அதில் இல்லை. அவர் பேப்பரில் சொன்னது உண்மைதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நிருபர் வந்து, இந்த மைதானத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். செஸ்டர் யோசிக்காமல் சொன்னார்: சுவர் பதினோரு அடிதான். இடது மூலையில் நிற்கிற ஆள் நம்மிடமிருந்து இருபது தப்படி. சத்தம் போடவே வேண்டாம், சும்மா பேசினாலே அவன் காதில் விழும். ஆட்டத்தை நாம் பார்த்தால் மட்டும் போதாது, நம்மை அவர்கள் கேட்கவும் வேண்டும். நல்ல மைதானம் என்றால் அதுதான். படத்தோடு போட்டிருந்தார்கள், பெயர் போடாமல் 'பெஞ்சு ரசிகர்' என்று மட்டும். லொரெய்ன் அதை வெட்டி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். நேத்தன் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டே வளர்ந்தான்.

அவருடைய கோட்டின் வலது பையில் இன்று ஒரு பந்து இருந்தது. ஜட்ஜ் பையில் பந்தா என்று கேட்கலாம். அது வேறு விஷயம். நேத்தனுக்கு ஒன்பது வயதில், இதே மூன்றாவது வரிசையில், எதிரணி அடித்த பந்து நேராக அவனுடைய கையுறைக்குள் வந்து விழுந்தது. பையன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வீசு என்றார் செஸ்டர். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். கூட்டம் கத்தியது. செஸ்டர் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பந்தை எடுத்து, அவன் கையிலேயே கொடுத்து, வீச வைத்தார். ஜனங்கள் பையனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ரயிலில் வீடு வந்து சேரும்வரை அவன் அழுகை நிற்கவில்லை.

பன்னிரண்டு வயதில், பேட்டைப் பூங்காவில் பையன்கள் ஆடும் ஆட்டத்தில் நேத்தன் தன்னுடைய முதல் ஹோம் ரன் அடித்தான். செஸ்டர் அங்கே இல்லை. அன்று இங்கே அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பையன் அந்தப் பந்தைச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். நீல மசியில் எழுதியிருந்தான்: 'அப்பாவுக்கு. இதைத் திருப்பி வீச வேண்டாம். நேட்.'

அதற்குப் பிறகு எத்தனையோ நடந்தது. பதின்மூன்று வருஷத்தில் செஸ்டர் மகனின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தது இரண்டே தடவை. இங்கே வருஷத்துக்கு எண்பத்தோரு ஆட்டம், ஒன்றைக்கூட விடக் கூடாது என்று வைத்திருந்தார். லொரெய்ன் இருந்தவரை அவள் போவாள், போய் வந்து சொல்வாள். அவள் போன பிறகு போன் பேச்சும் தேய்ந்து, பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று நின்றுவிட்டது. போன வாரம் நேத்தன் கூப்பிட்டு, "புதன்கிழமை அங்க ஆடறேம்பா. எத்தன நாள் வச்சிருப்பாங்கன்னு தெரியல. சீட்டு வச்சிருக்கேன்," என்றான். வர்றேன் என்று மட்டும் செஸ்டர் சொன்னார். அந்தப் பழைய பந்தை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தார். ஆட்டம் முடிந்ததும் பஸ் நிற்கும் வாசலுக்குப் போய், அதைக் காட்டி, பார், பத்தொன்பது வருஷமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லப்போகிறார். வேறு பேச்சு அவருக்குத் தெரியாது. பந்து பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் இன்னிங்ஸின் பாதியில் நேத்தன் பந்து தடுக்க ஓடிவந்து இடது மூலையில் நின்றான். முதுகில் எழுபத்தாறு, அதற்கு மேல் கூபியாக். தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்பதில் அவன் அம்மா தெரிந்தாள்.

டுவேன் தொண்டையைச் செருமினான். "தம்பி கூபியாக். முப்பத்தொண்ணு வயசுன்னு போட்டிருக்கு. பஸ்ஸ விட்டுட்டு நடந்தே வந்தியா?"

பெஞ்சு சிரித்தது. செஸ்டர் கடலையை உடைத்தார்.

"கூபியாக், உம் பேரப் படிச்சதுல அந்த அறிவிப்புக்காரருக்கு நாக்கு சுளுக்கிருச்சு. வைத்தியச் செலவு யாரு குடுக்கறது?"

கிண்டலுக்கும் இந்தப் பெஞ்சில் சட்டம் உண்டு, அதுவும் ஜட்ஜ் போட்டதுதான். கெட்ட வார்த்தை கூடாது. அம்மாவை இழுக்கக் கூடாது. அப்பாவைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் டுவேன் அதைக் கண்டுபிடித்தான். "கூபியாக், அங்க ஒங்க குடும்பத்து ஆளுங்க உக்கார்ற எடத்துல ஒரு சீட்டு காலியா கெடக்கே. ஒங்கப்பங்கூட ஒன் ஆட்டத்தப் பாக்க வரலியா?"

அதுவரை திரும்பாத நேத்தன் திரும்பினான். டுவேனைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசை, படிக்கட்டு ஓரம், செஸ்டரின் சிவப்புத் தொப்பி. கண் நேராக அங்கேதான் வந்து நின்றது.

"பாத்தியா, குத்திருச்சு," என்றான் டுவேன்.

ஒரு வார்த்தை போதும். வந்திருக்கேன்டா என்று சொன்னால் போதும், சும்மா பேசும் குரலில் சொன்னாலே கேட்கும். செஸ்டர் வாயைத் திறந்தார். பக்கத்தில் இர்மா, முன்னால் டுவேன், சுற்றிலும் முப்பத்துநான்கு வருஷத்து முகங்கள். தொப்பியின் விளிம்பைத் தொட்டு இறக்கிவிட்டு, மடியில் விழுந்த கடலைத் தோலைத் தட்டினார். நிமிர்ந்தபோது நேத்தன் ஆட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தான்.

சாயங்காலம் பஸ் வாசலில் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். அவருக்கு அது கைவந்த கலை.

ஏழாவது இன்னிங்ஸ். ஸ்டாலியன்ஸ் மட்டை பிடித்தார்கள். நேத்தனுக்கு அது மூன்றாவது முறை, முந்தின இரண்டிலும் ஒன்றும் தேறவில்லை. முதல் பந்தை விட்டான். இரண்டாவது, உள்ளே நுழைந்து வந்த பந்து. மட்டையில் பட்ட சத்தம் இடது மூலைக்கு ஒரு கணம் தாமதமாகத்தான் வரும், ஆனால் அதற்கு முன்பே செஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. பந்து மேலே போய், ஏரிக்காற்றில் கொஞ்சம் உள்ளே வளைந்து, சுவரைத் தாண்டி, மூன்று வரிசை பின்னால் பலகையில் மோதி எகிறி, அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள் வந்து விழுந்தது. கை எரிந்தது. பந்தின் ஓரத்தில் மட்டையின் கறுப்புச் சாயம் புதுசாக ஒட்டியிருந்தது.

கடவுள் நேராகக் கொண்டுவந்து கையில் கொடுத்தது போலத்தான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

"ஜட்ஜு புடிச்சிட்டாரு," என்று யாரோ கத்தினார்கள். அடுத்த நொடியே, "திருப்பி வீசு, திருப்பி வீசு," என்று பெஞ்சு முழுக்கத் தாளம் போட ஆரம்பித்தது. டுவேன் பலகை மேல் ஏறி நின்று கையை ஆட்டி ஆட்டி நடத்தினான். கீழே நேத்தன் இரண்டாம் பேஸைத் தாண்டி, வேகம் குறைத்து, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே ஓடினான்.

செஸ்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இது என் மகன் அடித்தது என்று சொல்லலாம். அது தலைக்கு வந்தது, வாய்க்கு வரவில்லை. வீசிவிடலாம். ஆனால் பெரிய லீக்கில் மகன் அடித்த முதல் ஹோம் ரன் பந்தை எப்படி வீசுவது? இன்னொரு வழி கோட்டுப் பையில் கனத்தது. திருப்பி வீசும் பந்துகள் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இடது மூலைக்காரர் பொறுக்கிச் சுவரோரம் உருட்டிவிடுவார், அங்கே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மைதான ஊழியர் கஸ் வாளியில் போட்டுக்கொள்வார். கஸ் இருபது வருஷப் பழக்கம். ஆட்டம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு பந்தையும் சேர்த்து நேத்தன் கையில் வைக்கலாம், பன்னிரண்டு வயதில் அடித்தது ஒன்று, முப்பத்தோரு வயதில் அடித்தது ஒன்று. இவ்வளவும் இரண்டு மூச்சுக்குள் ஓடி முடிந்தது. எழுந்தார், கோட்டின் மறைவில் கையை விட்டுப் பழைய பந்தை எடுத்தார், எதற்காகப் பிறரை அவமானப்படுத்தினாரோ அதே காரியத்தைச் செய்தார். வீசினார்.

கூட்டம் ஆரவாரித்தது. ஜட்ஜின் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

பந்து புல்லில் இரண்டு தடவை குதித்து நின்றது. ரிவெட்டர்ஸின் இடது மூலைக்காரர் அதை எடுத்தார். எதையோ பார்த்தவர் போல ஒரு கணம் கையில் திருப்பினார். சுவரோரம் கஸ் எழுந்து நின்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டாலியன்ஸ் டக்அவுட்டின் படியில் ஐந்தாறு பேர் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அந்தப் பந்து எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய லீக்கில் ஒருவன் முதல்முதலாக அடிக்கும் ஹோம் ரன் பந்து அவனுக்கே போக வேண்டும், எந்த அணியானாலும் அதைத் தந்துவிடுவார்கள். செஸ்டர் இதைப் பத்துத் தடவையாவது இதே பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறார். நேற்றுப் பிறந்தவனுக்குக்கூடத் தெரியும். அந்த இரண்டு மூச்சில் அவருக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது. நேர்மையாக உண்மைப் பந்தை வீசியிருந்தால், அது ஒழுங்காக மகன் கைக்குப் போயிருக்கும்.

இடது மூலைக்காரர் பந்தை உள்ளே எறிந்தார். நடுவில் ஒருவர் பிடித்து டக்அவுட்டுக்கு எறிந்தார். அங்கே தலை நரைத்த பயிற்சியாளர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். நேத்தன் அப்போதுதான் ஓடி முடித்து, எல்லோர் கையிலும் தட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தான். பயிற்சியாளர் அவன் முதுகில் தட்டிப் பந்தை நீட்டினார்.

நூற்றிருபது தப்படிக்கு அப்பால் முகம் தெரியாது. ஆனால் அவன் பந்தை வாங்கியது தெரிந்தது. அதைத் திருப்பியது தெரிந்தது. சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்த தோள் அப்படியே நின்றது தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு டக்அவுட் பெஞ்சின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

"முதல் ஹோம் ரன்னாம், அறிவிக்கறாங்க," என்றாள் இர்மா, நோட்டில் குறித்துக்கொண்டே. பிறகு பென்சிலை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஜட்ஜு. நீ புடிச்ச பந்து வேற, வீசின பந்து வேற," என்றாள்.

செஸ்டர் கோட்டுப் பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவள் மேலே கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ.

அடுத்த பாதிக்கு நேத்தன் மறுபடி இடது மூலைக்கு வந்தான். இந்த முறை தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"கூபியாக்," என்றான் டுவேன். "ஒன் பந்து பத்திரமா வந்து சேந்துச்சா?"

நேத்தன் திரும்பாமலே கையுறைக் கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினான். வந்து சேர்ந்தது என்று.

"நல்ல பையன்யா," என்றான் டுவேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "கோவமே வர மாட்டேங்குது."

மீதி ஆட்டத்தைச் செஸ்டர் பார்க்கவில்லை. கோட்டுப் பையில் புதுப் பந்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெளியூர் அணியின் பஸ் மைதானத்தின் பின்சந்தில், கம்பி வேலிக்குள் நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள், யாரும் நேத்தனுக்காக இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவன் தோளில் பையோடு வந்தான். தலை ஈரமாக இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றான், பிறகு வேலி அருகில் வந்தான்.

"நேட்," என்றார் செஸ்டர். "நீ நெனக்கிற மாதிரி இல்லடா."

"நான் ஒண்ணும் நெனக்கலப்பா."

"இதப் பாரு." கம்பி இடைவெளியில் புதுப் பந்தை நீட்டினார். "இதுதான் நீ அடிச்சது. ஒனக்குக் குடுக்கணும்னு வச்சுக்கிட்டேன். கூட்டம் கத்துச்சு, அதனால அத வீசினேன். கஸ்கிட்ட வாங்கிக்கலாம்னு பாத்தேன். அங்க போகும்னு எனக்குத் தோணவேயில்ல."

நேத்தன் பந்தை வாங்கி, கறுப்புச் சாயம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். "ஆமா. எம் மட்டையோட சாயம்தான்."

"நம்பறியா?"

"நம்பறேம்பா. வேணும்னே வீசியிருந்தாக்கூடத் தேவலன்னு இருக்கு."

செஸ்டருக்குப் புரியவில்லை. நேத்தன் மெதுவாகத்தான் பேசினான், சண்டை போடும் குரலே இல்லை.

"இது எம்புள்ள அடிச்சது, நான் வச்சுக்கறேன்னு எந்திரிச்சு நின்னு சொல்லியிருந்தா, அங்க ஒருத்தன் வாயத் தொறந்திருப்பானா? கை தட்டியிருப்பாங்கப்பா. அந்தப் பெரிய தொண்டக்காரனே ஒங்களத் தூக்கி வச்சு ஆடியிருப்பான்."

"திடீர்னு வந்துச்சுடா. யோசிக்க நேரமில்ல."

"மூணாவது இன்னிங்ஸ்ல நேரம் இருந்துச்சு."

கம்பிக்கு இந்தப் பக்கம் செஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பேப்பர்ல நீங்க சொன்னது நெசம்தான்," என்றான் நேத்தன். "அங்க நின்னா எல்லாமே கேக்குது. கடல ஒடைக்கறது கேக்குது. ஒங்கப்பன் வரலியான்னு கேட்டாங்கள்ல, நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு அன்னிலேர்ந்து காதத் தீட்டி வச்சுக்கிட்டுத்தான் நின்னேன்." 'அன்னிலேர்ந்து' என்றான். மூன்றாவது இன்னிங்ஸைத்தான் சொன்னானா, அல்லது அதற்கு முந்திய எல்லா வருஷங்களையுமா என்று செஸ்டர் கேட்கவில்லை.

பஸ்ஸிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நேத்தன் தன் பையிலிருந்து நீல மசிப் பந்தை எடுத்துப் பார்த்தான், மறுபடி உள்ளே வைத்தான். புதுப் பந்தைக் கம்பி வழியாக அப்பாவின் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"அது நான் குடுத்தது, எங்கிட்ட வந்துருச்சு. இது நீங்க புடிச்சது, நீங்களே வச்சுக்கங்க."

"நாளைக்கு அந்த எடத்துல வந்து உக்காரறேன்டா. ஏழாவது வரிசையில."

"சரிப்பா. ஒடம்பப் பாத்துக்கங்க."

மறுநாள் வியாழக்கிழமை, ஸ்டாலியன்ஸோடு கடைசி ஆட்டம். செஸ்டர் சட்டைப் பையில் பழைய சீட்டை வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நேற்றைய தேதி போட்ட சீட்டு செல்லாது, அவர் பெயரில் புதிதாக எதுவும் வரவில்லை என்று அந்தப் பெண் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். அவர் மைதானத்தை முக்கால் சுற்றுச் சுற்றி நடந்து, மூன்றாவது வரிசைக்கே வந்தார். சொல்ல வேண்டிய வார்த்தையை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் இன்னிங்ஸின் பாதியில் இடது மூலைக்கு ஓடிவந்தது வேறு ஆள். இளவயது, உயரம், முழங்காலில் கட்டு. எழுபத்தாறு எங்கேயும் இல்லை.

"காலு சரியாகி அவங்க ஆளு திரும்பி வந்துட்டாரு," என்றாள் இர்மா, அட்டவணையைப் பார்த்து. "நேத்து நின்னவன சின்ன லீக்குக்கு அனுப்பிட்டாங்களாம். காலைலயே கெளம்பியிருப்பான், பாவம்."

செஸ்டர் எழுந்து நின்றார். இர்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது.

"நேத்து அங்க நின்னது எம்பையன். அந்த ஹோம் ரன் அடிச்சது எம்பையன்."

முன்வரிசையில் டுவேன் திரும்பினான், வாயில் சாஸேஜ். "யாரு? நேத்து நின்னவனா?" என்று நெற்றியைச் சுருக்கினான். "அவன் பேரு என்ன ஜட்ஜு? வாயில நொழையாத பேரு ஒண்ணு இருந்துச்சே."

"கூபியாக்," என்றார் செஸ்டர். "நேத்தன் கூபியாக்."

அவர் சத்தமாகத்தான் சொன்னார். கீழே இடது மூலையில் நின்ற அந்த இளைஞன் தன்னை யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி, மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்த சிவப்புத் தொப்பிக் கிழவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.